நடக்கிற தூரந்தான்

நாகர்கோவிலுக்குக் குடிவந்த புதிதில் எந்த இடத்தைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைத்தது. தபால் ஆபீஸ் எங்கே என்றால், "இந்தா, நடக்கிற தூரந்தான்." தையல் கடை? "நடக்கிற தூரந்தான்." பல் டாக்டர், வங்கி, மாவு மில், நாகராஜா கோயில், எல்லாமே நடக்கிற தூரம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவள் நான். அங்கே தூரத்தை நிமிஷக் கணக்கில்தான் சொல்வார்கள், அதுவும் வண்டியில் போனால் எத்தனை நிமிஷம் என்று. இங்கே சொன்னதை நம்பி நடக்க ஆரம்பித்தேன். இப்போது ஒரு நாள் நடக்காவிட்டால் உடம்பு தேடுகிறது.

நாகர்கோவில் என் கணவரின் சொந்த ஊர். மாமனார் காலமான பிறகு அத்தையைத் தனியாக விட மனமில்லை. இருவருக்குமே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வசதி இருந்தது. சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு வடசேரியில் அத்தை இருக்கும் பழைய வீட்டுக்கே வந்துவிட்டோம்.

சென்னையிலும் நடப்பதற்கு இடம் இல்லாமல் இல்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவருக்குள் அழகாகக் கல் பதித்த நடைபாதை போட்டிருந்தார்கள். காலையில் ஷூ மாட்டிக்கொண்டு அதில் சுற்றி வருவோம். ஆனால் அந்த நடை எந்த இடத்துக்கும் போகாது. கிளம்பிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். வேலை அதிகமான வாரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான். கேட்டைத் தாண்டினால் ஆறுவழிச் சாலை, அதன் ஓரமாகப் போகும் தண்ணி லாரிகள். காய்கறியும் மளிகையும் செயலியில் சொன்னால் வாசலுக்கு வந்துவிடும். கால் தேவைப்படாத ஒரு வாழ்க்கையை அமைத்துவிட்டு, அப்புறம் காலுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டியிருந்தது.

நடைப் பழக்கம் பற்றிப் பேசும் எல்லோரும் மன உறுதியைப் பற்றியே பேசுகிறார்கள். அதிகாலை அலாரம், நண்பர்களோடு பந்தயம், கைக்கடிகாரத்தில் அடியெண்ணிக்கை. எனக்கு இந்த ஊர் வேறு மாதிரி காட்டிக்கொடுத்தது. போகவேண்டிய இடமும் வாங்கவேண்டிய பொருளும் பேசவேண்டிய மனிதரும் நடக்கிற தூரத்தில் இருந்தால் நடை தானாக நடக்கும். அதற்கென்று மனதை முறுக்கேற்ற வேண்டியதில்லை.

இங்கே எல்லாம் இவ்வளவு கிட்டத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. கன்னியாகுமரி சின்ன மாவட்டம். மொத்தமே 1,672 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் இருந்தார்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் அப்போது இங்கேதான். ஆனால் அந்த நெருக்கம் மாடிமேல் மாடியாக எழும்பவில்லை, பக்கவாட்டில் பரவியிருக்கிறது. ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடம் வெளியாளுக்குத் தெரியாது. தென்னந்தோப்புக்கு நடுவே வீடு, வீட்டை அடுத்து ஒரு கோயிலோ சர்ச்சோ, அதன் எதிரில் ஒரு பள்ளிக்கூடம், அங்கே ஒரு சாயாக் கடை. பெரிய சாலைக்குப் போகாமலே முடுக்கு முடுக்காகப் புகுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைச் சாய்த்து வழிவிடவேண்டிய அளவுக்குக் குறுகலான முடுக்குகளும் உண்டு. வடிவீஸ்வரம் பக்கம் அப்படிச் சிலவற்றை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன்.

என் நடையை ஆரம்பித்துவைத்தது கனகமூலம் சந்தை. வடசேரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வந்த முதல் வாரம் சென்னைப் பழக்கத்தில் ஏழு நாளுக்கான காய்கறியை ஒரேயடியாக ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் துணிப்பையை என் கையில் கொடுத்து, "இன்னைக்கு அவியலுக்கு வேண்டியது மட்டும் வாங்கிட்டு வா மக்ளே" என்றார்கள். தடியங்காய் ஒரு துண்டு, சேனை ஒரு துண்டு, ஏத்தங்காய் ஒன்று, முருங்கைக்காய் இரண்டு, வெள்ளரிக்காய் பாதி. அவ்வளவு சிறிதாகச் சந்தையில் வாங்க முடியும் என்பதே எனக்குப் புதுசு. வியாபாரி பாட்டி ஒருவர் சேனையை அரிவாளால் வகிர்ந்து, மண் ஒட்டிய தோலைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு, வெட்டிய முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இளஞ்சிவப்பாக, பால் கசிந்து, ஈரமாக இருந்தது. "பாத்துக்க, நாரில்ல" என்றார். அவியலுக்கு வேண்டிய காய் எல்லாவற்றையும் கலந்து கூறு கட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. பையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வரவேண்டியதுதான்.

அன்றாடத் தேவையை அன்றாடம் வாங்கும் இந்த வழக்கம்தான் என் நடைப் பழக்கத்துக்கு வேர். ஏழு நாள் காயை ஃபிரிட்ஜில் அடைத்துவிட்டால் மறுநாள் வெளியே போகக் காரணம் இல்லை. இன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் நாளைக்கும் போயாகவேண்டும். காய் மட்டுமல்ல, பூவும் அப்படித்தான். பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளை பக்கத்திலேயே இருப்பதால் பிச்சிப்பூ காலையில் வந்து இறங்கும்போது மொட்டு விரிந்திருக்காது. மீன் கேட்கவே வேண்டாம், நேற்றைய மீனை இந்த ஊர்க்காரர்கள் மீன் என்றே ஒத்துக்கொள்வதில்லை. சாளையா, அயிலையா, நெத்திலியா என்பதை வீட்டிலிருந்து முடிவு செய்துகொண்டு போகவும் முடியாது, கடல் என்ன கொடுத்ததோ அதுதான்.

அப்புறம் மனிதர்கள். இரண்டு நாள் போகாவிட்டால் மீன்கார அக்கா கேட்பார்: "என்னக்கா, ரெண்டு நாளா ஆளக் காணல்ல?" அவருக்கு என்னைவிட வயது அதிகம். வாடிக்கையாக வருகிறவர்களை அக்கா என்பது இங்கே மரியாதை. எந்தச் செயலியும் என்னை அந்த மாதிரி விசாரித்ததில்லை. அதைக் கேட்பதற்காகவே மறுநாள் சரியாகப் போய்விடுவேன். மனிதர்கள் நம்மை எதிர்பார்க்கிறார்கள் என்பது நம்மைக் கிளப்பி வெளியே கொண்டுபோகும் வலுவான காரணம். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அத்தையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். மாமனார் போன பிறகு அத்தை வீட்டைவிட்டு இறங்காமலே இருந்தார்களாம். இப்போது என்னோடு சந்தை வரை வருகிறார்கள். முழங்கால் வலி இருக்கிறது. நடுவில் ஒரு பழக்கடையில் உட்கார்ந்துகொள்வார்கள். கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசுவார்.

அந்தப் பழக்கடையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு வாழைப்பழம் என்றால் ஒன்றோ இரண்டோ வகை. இங்கே செவ்வாழை, ஏத்தன், மட்டி, ரசகதலி, பாளையங்கோட்டான் என்று குலை குலையாகக் கயிற்றில் தொங்கும். மட்டி விரல் நீளந்தான் இருக்கும், தோல் காகிதம் மாதிரி மெலிசு, வாசனை கடைக்கு நாலு அடி முன்னாலேயே வரும். கைக்குழந்தைக்கு முதல் பழமாகக் கொடுப்பது அதைத்தான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. காலை நடையின் பாதியில் இரண்டு மட்டிப் பழம் சாப்பிட்டுவிட்டு மீதித் தூரத்தை நடப்பது எனக்கு இப்போது பழகிவிட்டது.

சந்தையிலிருந்து நேரே வீடு திரும்பாத நாட்களில் மணிமேடை வரைக்கும் போவேன். 1893-இல் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் திறந்துவைத்த மணிக்கூண்டு, இன்றைக்கும் ஊரின் நடுவில் நிற்கிறது. நேரம் பார்க்கக் கைபேசி இருந்தாலும் நடந்து போகிறவர்கள் தலையைத் தூக்கி அதைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படி ஆகிவிட்டேன். இன்னொரு நாள் நாகராஜா கோயில். கருவறைக்கு மேலே இன்றும் ஓலைக்கூரைதான். தூண்களில் மகாவீரர், பார்சுவநாதர் உருவங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் சமணர்கள் வழிபட்ட இடம் என்பதற்கு அது சாட்சி. பிரசாதமாகக் கொடுப்பது ஈரமான மண். ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் பால் பாத்திரத்தோடு பெண்கள் விடியும் முன்பே நடந்து வருவார்கள், தெருவே நிறைந்துவிடும். அந்த ஞாயிறுகளில் நான் தனியாக நடப்பதில்லை. எதிர்வீட்டு மைனி வாசலில் நின்று கூப்பிடுவார்கள், சேர்ந்தே போவோம்.

பழக்கம் எப்படி உருவாகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். 96 பேர், 12 வாரம். ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது (12 வாரத்தைத் தாண்டியவை கணக்கிட்டு மதிப்பிட்டவை). 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதற்கு இந்த ஆய்வில் இடமில்லை. எனக்கு இதில் பிடித்தவை இரண்டு விஷயங்கள். ஒன்று, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இரண்டு, அவர்கள் எல்லோரும் புதிய செயலை ஏற்கெனவே தினமும் நடக்கும் ஏதோ ஒன்றோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது மாதிரி. எங்கள் வீட்டில் அந்த முடிச்சு துணிப்பைதான். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். காலைக் காப்பி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் கை அதை எடுத்துவிடும்.

பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அந்த எண் மருத்துவர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடிகளை எண்ணும் ஒரு கருவியோடு புழக்கத்துக்கு வந்தது. 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் சராசரி 72 வயதுள்ள சுமார் 16,700 பெண்களைப் பார்த்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவு. 7,500 அடிக்கு மேல் போனபோது கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. சந்தைக்குப் போய் வருவதும், சாயங்காலம் ஒரு சுற்றும் சேர்ந்தால் அது தாராளமாகத் தேறிவிடும். அத்தையின் வயதில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். முடியாத ஓர் எண்ணைக் காட்டி அவர்களை வீட்டிலேயே உட்காரவைப்பது அநியாயம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகான நடை என் கணவருக்காக ஆரம்பித்தது. அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. இந்த ஊர்ச் சாப்பாடோ சோறு, மரச்சீனிக் கிழங்கு, ஏத்தன்பழம் என்று மாவுச்சத்தாகவே இருக்கும், ருசியும் விடாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் நடந்தால் வேலை செய்யும் கால் தசைகள் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. அதற்கு இன்சுலின் அதிகம் தேவைப்படுவதில்லை. அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது. கால் மணி நேரம் மெதுவாக நடந்தாலே அவருடைய சர்க்கரை பார்க்கும் கருவி வித்தியாசம் காட்டுகிறது. நாங்கள் பெரிதாகப் பேசிக்கொள்வதே அந்த நேரத்தில்தான். சென்னையில் அந்த நேரம் ஆளுக்கொரு திரையில் போய்க்கொண்டிருந்தது.

மழையைப் பற்றிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றால் முக்கியமாக வடகிழக்குப் பருவமழைதான். இங்கே ஜூனில் தென்மேற்கும் வந்துவிடும், அக்டோபரில் வடகிழக்கும் வந்துவிடும். வருஷத்தில் பாதி நாள் வானம் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊர் அதற்குப் பழகியிருக்கிறது. வயதானவர்கள் குடையைச் சட்டைக் காலரின் பின்னால் மாட்டித் தொங்கவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு போவார்கள். முதுகில் வளைந்த கைப்பிடியும் கீழே ஆடும் குடைத்துணியுமாக அவர்கள் முன்னால் நடப்பதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். மழை பிடித்தால் ஏதாவது கடைத் திண்ணை, ஒரு கட்டன் சாயா, கிடைத்தால் ஒரு ரசவடை. பத்து நிமிஷத்தில் ஓய்ந்துவிடும். ஓய்ந்ததும் வடக்கே தாடகை மலை கழுவி வைத்ததுபோல் எழுந்து நிற்கும், ஒரு பெண் மல்லாந்து படுத்திருக்கும் உருவம் துல்லியமாகத் தெரியும். வெயில் காலத்திலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று இருக்கிறது. அந்தக் காற்றை நம்பித்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் நடந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய வரம்.

எல்லாம் சுகமாக இருக்கிறது என்று சொன்னால் பொய். பெரிய சாலைகளில் நடப்பது சிரமம். பழைய ராஜபாட்டைகளின் அகலத்தில் இன்றைய வண்டிகள் எல்லாம் ஓடுகின்றன. நடைபாதை பல இடங்களில் இல்லை. இருக்கும் இடத்தில் பைக்குகள் நிற்கின்றன, அல்லது திடீரென்று உடைந்த பலகைக்கல்லில் போய் முடிகிறது. வேப்பமூடு சந்திப்பில் சாலையைக் கடப்பதற்குள் அத்தையின் கை என் கையை இறுக்கிப் பிடித்திருக்கும். அதிகாலையில் தெருநாய்க் கூட்டம். அதனால் வெளிச்சம் வந்த பிறகே கிளம்புகிறேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பஸ்கள் ஓரத்தை உரசிக்கொண்டு வரும். இந்த ஊரில் நடக்கும் பழக்கம் இன்னும் பிழைத்திருப்பது முடுக்குகளாலும் குளத்தங்கரைகளாலும்தான். பெரிய சாலைகளால் இல்லை. வடசேரியிலிருந்து கோட்டாறு வரை அறுபடாத ஒரு நடைபாதை இருந்தால், ஒரு தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய் நிற்காமல் போகமுடிந்தால், இந்த ஊரில் இருக்கும் இரண்டு சக்கர வண்டிகளில் பாதி வீட்டிலேயே நிற்கும் என்று நான் நம்புகிறேன். பிள்ளைகளை அரைக் கிலோமீட்டருக்குக்கூட ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும் வழக்கம் இங்கேயும் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. கிட்டத்தில் இருப்பதன் மதிப்பு, அது இருக்கும்போதே தெரியவேண்டும்.

சாலையில் நடப்பது சின்ன விஷயம் என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்லமுடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சுசீந்திரம் போவது வழக்கம். தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய தேர்த்தெருக்களில் நிதானமாக ஒரு சுற்று வருவோம். திருவிதாங்கூர் ஆட்சியில் அந்தத் தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக்கூடாது என்று தடை இருந்தது. கோயிலுக்குள் போவதைச் சொல்லவில்லை, வெளியே தெருவில் நடப்பதற்குத் தடை. 1924-இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியதைத் தொடர்ந்து, 1926-இலும் பிறகு 1930-இலும் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. நாகர்கோவிலைச் சேர்ந்த டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்தினார். 1936 நவம்பர் 12-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பிறகுதான் கோயில் கதவுகளே திறந்தன. நான் இன்று கால்வீசி நடக்கும் அதே கல் பாவிய ஓரத்தில், கால் வைக்கும் உரிமைக்காக மனிதர்கள் நின்றிருக்கிறார்கள் என்பது தெரிந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் எனக்குக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நடக்கத் தோன்றுவதில்லை. என் மகளை முதல் தடவை கூட்டிக்கொண்டு போனபோது தேரடியில் நிறுத்தி இதைத்தான் சொன்னேன். இசைத்தூண்களையும் பதினெட்டு அடி அனுமாரையும் அப்புறம் காட்டினேன்.

சுசீந்திரத்திலிருந்து தேரூர்க் குளம் பக்கம் போனால் இன்னொரு உலகம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே வருஷம் வேம்பனூரும் சேர்ந்தது. குளத்தில் தாமரை இலைகளின் மேல் நீண்ட விரல்களை விரித்து நடக்கும் இலைக்கோழி, ஓரத்தில் அசையாமல் நிற்கும் நாரை, கூட்டமாக மிதக்கும் கூழைக்கடா. குளத்தங்கரையில் போகும்போது என்னுடைய வேகம் பாதியாகிவிடும். உடற்பயிற்சிக் கணக்கில் அது சேராமல் போகட்டும், எனக்குக் கவலையில்லை.

இந்த மண்ணின் பெரிய நடை என்றால் சிவாலய ஓட்டம். மகா சிவராத்திரியை ஒட்டி விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் இருக்கும் 12 சிவாலயங்களை ஓடியும் நடந்தும் தரிசிப்பார்கள். முன்சிறைத் திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று போய் திருநட்டாலத்தில் முடியும். மொத்தம் 100 கிலோமீட்டருக்கு மேல். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறி, அதில் கட்டிய சின்னத் திருநீற்றுப் பை. சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் வாயில் "கோவிந்தா, கோபாலா". வழியெல்லாம் வீட்டுக்காரர்கள் சுக்குத் தண்ணீரும் மோரும் பழமும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். என் கணவர் கல்லூரி நாளில் முழுவதும் போனவர். போன சிவராத்திரியில் கடைசிக் கோயில்கள் சிலவற்றுக்கு நானும் அவரோடு நடந்தேன். திருவிதாங்கோட்டில் ஒரு வீட்டு வாசலில் பெரிய அண்டாவில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு அம்மா நின்றார்கள். யார் என்ன என்று கேட்கவில்லை. "காலு வலிக்கா பிள்ளே? கொஞ்சம் இருந்துட்டுப் போ" என்று பெஞ்சைக் காட்டினார்கள். தினமும் சந்தைக்கு நடந்த கால்கள்தான் அன்றைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. தனியாக எந்தப் பயிற்சியும் எடுக்கவில்லை.

என் உடம்பில் என்ன மாறியது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எடை அதிகம் குறையவில்லை. தூக்கம் நன்றாக வருகிறது. நாற்காலியிலேயே இருந்து வந்த இடுப்பு வலி இப்போது மாதத்தில் ஓரிரு நாள்தான் எட்டிப்பார்க்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. இதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது, இந்த ஊர் எனக்குத் தெரிந்த ஊராகிவிட்டது என்பதுதான். எந்த வீட்டு மதிலைத் தாண்டி அயினிச்சக்கை தொங்கும், எந்தத் திருப்பத்தில் தறிச்சத்தம் கேட்கும், எந்த வீட்டுத் தாத்தா எத்தனை மணிக்குத் திண்ணைக்கு வருவார் என்பதெல்லாம் தெரியும். வண்டியிலேயே போயிருந்தால் பத்து வருஷம் ஆனாலும் நான் வெளியூர் மருமகளாகவே இருந்திருப்பேன்.

சொந்த ஊருக்கோ, இந்த மாதிரி ஒரு நடுத்தர ஊருக்கோ குடிபெயர நினைக்கும் நண்பர்கள் வீடு தேடும்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். ஊருக்கு வெளியே நான்குவழிச் சாலை ஓரத்தில் புதிதாக மனை போட்டிருக்கிறார்கள், வீடு பெரிசு, கார் நிறுத்த இடமும் இருக்கிறது, அங்கே போகலாமா என்று. நான் சொல்வது இதுதான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காலையிலும் ஒரு இருட்டின பிறகும் அந்த வீட்டு வாசலிலிருந்து நடந்து பாருங்கள். காய் வாங்க எவ்வளவு நேரம் ஆகிறது, வழியில் தெருவிளக்கு எரிகிறதா, பெரிய சாலையைக் கடக்காமல் பிள்ளை பள்ளிக்கூடம் போக முடியுமா, களைத்தால் உட்கார ஒரு கடைத் திண்ணையாவது உண்டா, பஸ் எங்கே நிற்கும் என்று பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் வருவதாக இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் வேகத்தில் நடந்து பாருங்கள். ஒரு அறை குறைந்தாலும் பரவாயில்லை, சந்தைக்குப் பக்கத்தில் எடுங்கள். வடசேரி, வடிவீஸ்வரம், கோட்டாறு, ராமன்புதூர் பக்கங்களில் பழைய ஓட்டு வீடுகள் வாடகைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. புரோக்கரிடம் கேட்பதைவிட, தெருமுனைச் சாயாக் கடையில் ஒரு சாயா வாங்கிக் குடித்துவிட்டு விசாரித்தால் சீக்கிரம் கிடைக்கும்.